காற்றில் ஆறும் எஞ்சின்

துளசிமணியின் மூச்சு ஒரு மோட்டார் சைக்கிள் எஞ்சினோடு போய்ச் சேர்ந்துகொண்ட கதையை, சிங்காநல்லூரில் மூடிக்கிடக்கும் நூல் மில்லின் பின்சுவரை ஒட்டிப் போகிற அந்த வீதியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் வீதிக்குக் குடிதண்ணீர்க் குழாய் வந்த கதையைச் சொல்வதுபோலத்தான் சொல்வார்கள், ஒருவரும் கண்ணை விரிக்க மாட்டார்கள். கண்ணை விரிக்க அவர்களுக்கு நேரம் இருந்ததில்லை. வண்டி ஓட்டவே நேரம் சரியாக இருந்தது.

துளசிமணியின் தம்பி சென்னியப்பன் அந்த வீதியில் பட்டறை வைத்திருந்தான். ஊரில் மற்றவர்களெல்லாம் வண்டிக்குத் தகுந்த எஞ்சின் வைப்பார்கள் என்றால், இவன் எஞ்சினுக்குத் தகுந்த வண்டி வைப்பவன். எங்கோ துருப்பிடித்துக் கிடந்த எஞ்சினைக் கொண்டுவந்து, பிரித்து, கடைந்து, இழைத்து, அதன் வேகத்தை ஏற்றி, பிறகு அது எப்படி உட்கார ஆசைப்படுகிறதோ அப்படிக் குழாய்களை வளைத்து வெல்டு வைத்து, தகரத்தைத் தட்டி டேங்க் செய்து, ஒரு புது வண்டியாக நிறுத்திவிடுவான். அவனுக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. அக்காவுக்குக் கூடிவந்தது நிலைக்கவில்லை. பாவாடை கட்டுகிற வயதில் மில்லில் பஞ்சு உதறுகிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்து, தம்பியைப் படிக்கவைக்கப் பார்த்து, அவன் படிக்காமல் ஸ்பேனரைப் பிடித்தபோது திட்டிவிட்டு, யூனியன் ஆபீஸ் வண்டியை இரவல் வாங்கி அவனுக்குப் பைக் ஓட்டக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். மில் மூடிப்போனது, ஆனால் மில்லின் பஞ்சு அவளுடைய நெஞ்சுக்குள் மூடாமல் வேலைசெய்துகொண்டே இருந்தது. நாலு வீடு தள்ளிக் கேட்கும் அவள் இழுக்கிற இழுப்பு.

பம்புசெட் கம்பெனி வைத்திருக்கும் குடும்பத்துப் பையன் நிரஞ்சன் ஒரு பழைய ஒற்றை சிலிண்டர் எஞ்சினைச் சாக்கில் சுற்றிக்கொண்டுவந்து பட்டறை நடுவில் இறக்கியபோதுதான் எல்லாம் ஆரம்பித்தது.

"இதைச் சுத்தி ஒரு வண்டி கட்டிக் குடுங்ணா. ரேடியேட்டர், தண்ணி அது இதுன்னு ஒண்ணும் வேண்டாம். பழைய மாதிரி காத்துலயே ஆறட்டும். ஆனா உட்டா பறக்கோணும்."

"பறக்க வைக்கலாம் தம்பி," என்றான் சென்னி. "சிலிண்டர் ஹெட்டைச் சீவி, ஓட்டையைப் பெருசாக்கி, கார்ப்பரேட்டர் மாத்துனா பறக்கும். ஆனா இவ்வளவு ஏத்துன எஞ்சின் சீக்கிரம் தேஞ்சுரும். அப்பறம் காத்துல ஆறுற எஞ்சினை ஒரே எடத்துல நிறுத்தி ஓட்டப்படாது. போயிட்டே இருக்கோணும். நின்னா சூடேறிப் புடிச்சுக்கும்."

"நான் எதுக்குங்ணா நிக்கப்போறேன்?" என்றான் பையன்.

மழைக்காலம் முழுக்க அந்த எஞ்சினோடு கிடந்தான் சென்னி. காற்று நுழையும் வழியை விரலால் தடவித் தடவி வழுவழுப்பாக்கினான். சூட்டை வெளியே விடுவதற்காக எஞ்சின்மேல் அடுக்கடுக்காக நிற்கும் அலுமினியத் தகடுகளை ஒவ்வொன்றாகச் சீப்பு வாருவதுபோல் சுத்தம் செய்தான். டேங்கை மாத்திரம் அழகு பார்த்துச் சின்னதாகச் செய்துவிட்டான், ஒரு மல்கோவா மாம்பழத்தைக் கவிழ்த்து வைத்தாற்போல. அதைப் பார்த்து வீதியே மெச்சியது, சென்னிக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசியில் செட்டிங் வைக்கிற நாள் வந்தது. சென்னி மீட்டர் வைத்துப் பார்க்கிற ஆள் இல்லை. நீளமான திருப்புளியின் நுனியை எஞ்சினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, கார்ப்பரேட்டர் திருகைத் தலைமுடி அளவு திருகித் திருகிக் கேட்பான். அந்த நேரத்தில் வீதியில் யாரும் பேசக்கூடாது, யாரும் அவனைக் கூப்பிடக்கூடாது. குக்கர் வைத்தவர்கள் அடுப்பை அணைத்துவிடுவார்கள், பேக்கரி சாஜி டீ ஆற்றாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். அப்படி ஒரு வழக்கத்தை அவன் கேட்காமலேயே வீதி அவனுக்கு ஏற்படுத்திக் கொடுத்திருந்தது.

அன்றைக்குப் பார்த்து, பட்டறைச் சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்குள் துளசிமணிக்கு இழுப்பு வந்துவிட்டது. அவள் கூப்பிட்டிருக்கலாம். தம்பி செட்டிங் வைக்கிறான் என்று வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, சத்தம் வராமல் இழுத்தாள். அந்தச் சத்தமில்லாத சத்தம் சுவருக்குள் இறங்கி, தரைக்குள் இறங்கி, ஸ்டாண்டு வழியாக எஞ்சினுக்குள் ஏறி, திருப்புளி வழியாகச் சென்னியின் காதுக்குள் வந்தது. எஞ்சின்தான் திணறுகிறது என்று அவன் நினைத்துக்கொண்டான். திணறல் கேட்ட இடத்தில் கொஞ்சம் காற்றைக் கூட்டினான், அடைப்பு கேட்ட இடத்தில் கொஞ்சம் பெட்ரோலைக் குறைத்தான், ஒரு தாய் பிள்ளையின் நெஞ்சை நீவிவிடுவதுபோல் அந்தத் திருகை நீவிக்கொண்டே இருந்தான். ஒரு இடத்தில் திணறல் சட்டென்று நின்றது. அப்படி ஒரு சத்தத்தை அவன் வாழ்நாளில் கேட்டதில்லை, அவ்வளவு சீராக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் துளசிமணி முந்தானையை எடுத்துவிட்டு, இருபது வயதில் விட்டதுபோல் நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

சென்னி சந்தோசமாக எஞ்சினை அணைத்தான். உள்ளே பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் அக்கா வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கிறாள், நெஞ்சு அசையவில்லை, கண் மாத்திரம் அவனையும் பட்டறையையும் மாறிமாறிப் பார்க்கிறது. அவளுக்குப் புரிந்தது அவனுக்கு முன்னால். கையைத் தூக்கி, உதைத்து ஸ்டார்ட் செய்கிறாற்போல் ஜாடை காட்டினாள். அவன் ஓடிப் போய் உதைத்தான். எஞ்சின் பிடித்தது, அக்காவும் மூச்சு விட்டாள்.

"ஏண்டா நிறுத்துனே?" என்று அவள் கேட்ட முதல் கேள்வியில் கோபம்தான் இருந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் வீதிக்கு விசயம் தெரிந்துவிட்டது. மில்லில் அவளோடு வேலை பார்த்த ஆறுச்சாமி வந்து, எஞ்சினை ஒரு தடவையும் துளசிமணியை ஒரு தடவையும் பார்த்துவிட்டுச் சொன்னார், "ஏழு கடல் தாண்டி ஏழு மலை தாண்டிக் கிளிக்குள்ள உசுர வெப்பாங்கன்னு கேட்டிருக்கறேன் அம்முணி. உன்ற தம்பி வீட்டு வாசல்லயே வெச்சிருக்கறான். நமக்குச் சவுரியந்தான்."

சவுரியம் எவ்வளவு என்பது மறுநாள் தெரிந்தது. நிறுத்திவைத்து ஓட்டினால் எஞ்சின் சூடேறியது, சூடேற ஏற துளசிமணிக்குக் காய்ச்சல் அடித்தது. ஆகவே வண்டி போய்க்கொண்டே இருக்க வேண்டும். வீதி முறைபோட்டுக்கொண்டது. விடிந்ததும் ஆறுச்சாமி, பள்ளிக்கூட நேரம் வரைக்கும் ஆட்டோக்காரர்கள், மதியத்தில் சென்னி, சாயங்காலம் பேக்கரியை மச்சானிடம் விட்டுவிட்டுச் சாஜி. ஆள் மாறும்போதும் எல்லோரும் தூங்கும்போதும், கல்யாண மண்டபத்தில் இரவல் வாங்கிய பெரிய காத்தாடியை எஞ்சினுக்கு நேராகச் சுழலவிட்டார்கள். கரண்ட் போனால் பெண்கள் முறத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்து வீசினார்கள். பெட்ரோல் பங்கில் எஞ்சினை அணைக்கச் சொல்வார்கள் என்பதால் கேனில் வாங்கிவந்து ஓடுகிற வண்டியிலேயே ஊற்றினார்கள். சிக்னலில் நிற்கும் போலீஸ்காரர் அந்தச் சத்தம் கேட்டாலே மற்ற வண்டிகளை நிறுத்திவிட்டு, "போங்க போங்க, அக்காவுக்கு மூச்சு முட்டும்," என்று வழி விட்டார்.

துளசிமணிக்கு உட்கார்ந்த இடத்தில் ஊர் தெரிந்தது. மாவு சலித்துக்கொண்டே, "இப்ப ஒண்டிப்புதூர் பாலம் ஏறுது," என்பாள், லேசாக மூச்சு வாங்கும். ஆறுச்சாமி இரண்டாவது கியரைத் தாண்டாமல் ஓட்டினால் ஆடு மாடு மேய்த்த களைப்பு வரும். சாஜி ஓட்டினால் பாட்டு வரும். புதிதாக முறைக்கு வந்த ஒரு கல்லூரிப் பையன் யாரோ பெண்ணைப் பார்த்து முறுக்கிவிட்டபோது, இங்கே துளசிமணி கையில் இருந்த கரண்டியோடு எழுந்து நின்றுவிட்டாள். அவனை வீதியே கூட்டிவைத்துத் திட்டியது. நெஞ்சு டாக்டரிடம் போனாள், அவர் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். அவரும் வண்டி வைத்திருப்பவர்தான் போலிருக்கிறது. "நுரையீரல் சுத்தமா இருக்கும்மா. டாப்பெட் மட்டும் கொஞ்சம் சத்தம் வருது, தம்பிகிட்டச் சொல்லி அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க," என்று சொல்லி அனுப்பினார்.

வண்டியை எடுக்க வந்த நிரஞ்சன் கதை முழுக்கக் கேட்டான். பிறகு, "எனக்கும் ஒரு முறை போடுங்ணா," என்றான். ஞாயிற்றுக்கிழமை பகல் அவனுக்கு என்று ஆனது. வாரம் தவறாமல் வந்தான், தன் வண்டியைத் தானே இரவல் வாங்குவதுபோல் தலையைச் சொறிந்துகொண்டு வாங்கி, முட்டை ஏற்றிப்போகிறவன்போல் பார்த்துப் பார்த்து ஓட்டிவிட்டு, துடைத்துவைத்துவிட்டுப் போவான்.

வீதிக்கு எல்லாம் பழகிவிட்டது. சென்னிக்குப் பழகவில்லை. மற்றவர்களுக்கு அது துளசிமணியின் மூச்சு, அவனுக்கு மாத்திரம் அது எஞ்சினும்கூட. ஒவ்வொரு நாளும் உள்ளே என்ன தேய்கிறது என்று அவன் காதுக்குத் தெரியும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விழுந்திருக்கிறது, எந்த ரிங் களைத்துவிட்டது, எல்லாம் தெரியும். எஞ்சினை அணைத்தால் சோற்றைக் கஞ்சி வடிக்கிற நேரம் துளசிமணியால் தம் பிடிக்க முடிந்தது. அவ்வளவு நேரத்தில் பழைய ஆயிலை வடித்துப் புதுசு ஊற்றலாம், ஹெட்டைக் கழற்ற முடியாது. பயப்படாமல், ஆயுசைப் பற்றி யோசிக்காமல், பறக்கட்டும் என்று ஏற்றிவைத்த எஞ்சின் அது. அக்காவுக்கென்று தெரிந்திருந்தால் நூறு வருசம் ஓடுகிற சாதாரண எஞ்சினாக வைத்திருப்பானே என்று நினைக்கும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

சித்திரை பிறந்தபோது வண்டிக்குப் பின்னால் நீலப் புகை வர ஆரம்பித்தது. துளசிமணி இருமினாள், கொஞ்சம்தான். சென்னி அதே மாதிரி இன்னொரு எஞ்சினைத் தேடிப்பிடித்து, தூக்கம் இல்லாமல், அதேபோல் கடைந்து, அதேபோல் இழைத்து ஸ்டாண்டில் ஏற்றினான். வீதி அடுப்பை அணைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. அக்காவைச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்துவிட்டு, திருப்புளியைக் காதில் வைத்துக் கண்ணை மூடினான். ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குத்தான் இப்போது இழுப்பு இல்லையே. அவள் நெஞ்சில் ஓடுவது எங்கோ சூலூர் ரோட்டில் ஆறுச்சாமி ஓட்டிக்கொண்டிருக்கும் பழைய எஞ்சின். எதைக் கேட்டு எதற்குச் செட்டிங் வைப்பது? திருகை இப்படியும் அப்படியும் திருகிப் பார்த்தான். புது எஞ்சின் நன்றாக ஓடியது. வெறும் எஞ்சினாக ஓடியது. சென்னி திருப்புளியைக் கீழே போட்டுவிட்டு, இத்தனை பேர் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் விம்மி விம்மி அழுதான்.

துளசிமணி வந்து பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"எத்தனை நாளைக்குடா தாங்கும்?"

"தெரியலக்கா. மெதுவா ஓட்டுனா மழை வரைக்கும் தாங்கலாம். ஆளுங்களைக் கொறைச்சு, நானும் ஆறுச்சாமி அண்ணனும் மட்டும் இந்த வீதிக்குள்ளயே சுத்திட்டு இருந்தோம்னா..."

"செக்குமாடாட்டம்."

"அதுக்கு என்னக்கா பண்றது?"

"எனக்கு ஒருக்கா ஓட்டக் குடு."

இதை அவள் கேட்பது முதல்தடவை இல்லை. ஒவ்வொரு தடவையும் அவன் பதறிப்போய் மறுத்திருந்தான். வழியில் வண்டி அணைந்துபோனால் மூச்சும் போய், ஓட்டுகிற கையும் போய், நடுரோட்டில் விழுந்துவிடுவாள், திரும்ப உதைத்துவிடக்கூட ஆள் இருக்காது. இந்தத் தடவையும் அதையேதான் சொன்னான்.

"ஊர்ல இருக்கறவனெல்லாம் என்ற மூச்ச ஓட்டறான்," என்றாள் துளசிமணி. "கண்ட பொண்ணப் பாத்து முறுக்கறவன்கூட ஓட்டறான். நான் மட்டும் ஓட்டப்படாது, இல்ல?"

"அக்கா, சொன்னாக் கேளு."

"கேட்டுக் கேட்டுத்தாண்டா இப்பிடி ஆச்சு," என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அவன் அதற்குமேல் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயிலில், சென்னி பட்டறைக்குள் அந்த உதவாத எஞ்சினை மறுபடியும் பிரித்துக்கொண்டிருந்தபோது வீதிமுனையில் பழைய எஞ்சினின் சத்தம் மாறியது. யாரோ முழுசாகத் திறந்துவிட்ட சத்தம். முதல் கியரிலிருந்து இரண்டாவது, இரண்டிலிருந்து மூன்றாவது, எங்கேயும் தயங்காமல் ஏறிக்கொண்டே போய்த் திருச்சி ரோட்டில் திரும்பிக் கரைந்தது. வாசலுக்கு ஓடிவந்தான். நிரஞ்சன் வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்தான்.

"வண்டி எங்கடா?"

"அக்கா எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"நீ எப்பிடிடா குடுத்தே?"

"கேட்டாங்ணா. வண்டி என்றதுதான், ஆனா மூச்சு அவிங்குளுதுங்ணா. நான் என்னன்னு சொல்லி மாட்டேங்கறது? ஹெல்மெட்டை மாட்டிவிட்டேன். எது வரைக்கும் போறீங்கன்னு கேட்டேன். ரோடு போற வரைக்கும்னாங்க."

பட்டறையில் நின்ற எந்த வண்டியை எடுத்தாலும் அவளைப் பிடிக்க முடியாது என்பது, அந்த எஞ்சினைப் பறக்கவைத்த சென்னிக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? டேங்க் ஞாபகம் வந்தது. மல்கோவா மாம்பழம். சூலூர் தாண்டினால் தீர்ந்துபோகும். அவன் சாஜியைப் பார்த்தான். சாஜி ஏற்கெனவே போனை எடுத்து, சூலூரில் இருக்கும் தன் சொந்தக்காரனிடம் மலையாளத்தில் கத்திக்கொண்டிருந்தான்.

கால்மணி கழித்துச் சூலூரிலிருந்து போன் வந்தது. சொந்தக்காரன் தண்ணீர் பாட்டிலில் பெட்ரோலோடு ரோட்டில் நின்றிருக்கிறான். அந்தம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றதாகவும், வண்டியை அணைக்காமலேயே ஊற்றச் சொன்னதாகவும், பாட்டிலைத் திருப்பிக் கொடுக்காமல் போனதாகவும் சொன்னான். வீதி முழுக்கப் பட்டறை வாசலில் கூடிவிட்டது. பல்லடத்தில் ஆறுச்சாமியின் மகள் இருந்தாள். அவள் பக்கத்து வீட்டு வண்டியிலிருந்து குழாய் போட்டு உறிஞ்சி எடுத்துக்கொண்டு பைபாஸுக்கு ஓடினாள். புகை வருதுப்பா, ஆனா அத்தை சிரிச்சிட்டே போறாங்க, என்றாள். காங்கேயத்தில் நிரஞ்சன் குடும்பத்தின் பம்புசெட் வியாபாரி கடையைச் சாத்திவிட்டு நின்றார். அவரிடம் அவள் ஒரு சேதி சொல்லி அனுப்பியிருந்தாள். "தம்பி கிட்டச் சொல்லச் சொன்னாங்க. காத்து நல்லா இருக்குதாம்."

சென்னிக்கு அதைக் கேட்டுச் சிரிப்பு வந்தது, அது பாதியில் வேறு என்னவோ ஆனது.

வெள்ளகோவிலில் அவனுக்கு இரும்புக் குழாய் அனுப்புகிறவர் ஒருவர் இருந்தார். அவர் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே போன் போட்டார், சென்னி கேட்டுக்கொண்டபடி எஞ்சினுக்குப் பக்கத்தில் நீட்டினார். சென்னி மற்றொரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டான். பிஸ்டன் தட்டுகிற சத்தம், உள்ளே யாரோ சாவி இல்லாமல் கதவைத் தட்டுவதுபோல் டக் டக்கென்று கேட்டது. நிறுத்தச் சொல்லலாமா? நிறுத்தினால் மூச்சு நிற்கும். மெதுவாகப் போகச் சொல்லலாமா? இந்த வெயிலில் மெதுவாகப் போனால் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். வேகமாகப் போகச் சொல்வதா? வேகமாகப் போகப்போக அது தேய்ந்துகொண்டேதானே போகும். அவனுக்குத் தெரிந்த வேலை அவ்வளவும் அந்தப் போனுக்குள் கேட்டது, அதில் ஒன்றும் அவளுக்கு உதவாது.

"அக்கா," என்றான். "அக்கா, நானு."

அந்தப் பக்கம் எஞ்சின் ஒருதடவை உறுமியது. கியர் விழுந்தது. "போயிட்டாங்கப்பா," என்றார் குழாய்க்காரர்.

ஆறுச்சாமிதான் மெல்லக் கேட்டார். "வெள்ளகோவில் தாண்டுனா அடுத்து எது?"

"கரூர்," என்றான் நிரஞ்சன்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கரூரில் அந்த வீதிக்கு யாரையும் தெரியாது. பெண் கொடுத்ததில்லை, பெண் எடுத்ததில்லை, மில்லில் அந்த ஊர்க்காரர் யாரும் வேலை பார்த்ததில்லை. சாஜி போனில் இருந்த பேர்களையெல்லாம் மேலும் கீழுமாகத் தள்ளிப் பார்த்துவிட்டுப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். சென்னியப்பன் கையில் இருந்த கிரீஸைக்கூடத் துடைக்காமல் இறங்கி நடந்தான். அந்த வீதி முடிந்து அடுத்த வீதி, அவன் இதுவரை நுழைந்தேயிராத வீதி, முதல் வீட்டுக் கதவைத் தட்டி, திறந்த பெண்ணிடம் கும்பிட்டுக்கொண்டு கேட்டான்.

"அம்மா, கரூர்ல உங்களுக்கு ஒறம்பரை, சொந்தக்காரங்கன்னு யாராச்சும் இருக்கறாங்களாங்க?"